ஆறு ஜட்டியும் நாற்பது ஏக்கரும்

மேஸ்திரி என்றதும் மீசையை நினைத்துக்கொள்ள வேண்டாம். இவள் ஐம்பத்திரண்டு வயதுப் பெண்பிள்ளை. பன்னிரண்டு வயதில் செங்கல் சுமந்தவள், இருபதில் மண் சுமந்தவள், முப்பதில் உரமூட்டை சுமந்தவள். நாற்பதைத் தாண்டியபோது இந்த நாற்பது ஏக்கர் காய்கறிப் பண்ணையில் இருபது பேரைக் கட்டி மேய்க்கும் வேலை வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து சொந்தப் பெயர் உதிர்ந்து மேஸ்திரி ஆனாள். கட்டின புருஷன்கூட வீட்டில், "மேஸ்திரி, கொஞ்சம் தண்ணி குடு" என்றுதான் கேட்பான். "உங்க கை என்ன அடகுல இருக்கா?" என்பாள் இவள்.

பண்ணையில் மேல் வயல் முப்பத்தாறு ஏக்கர். கீழ் வயல் நாலே ஏக்கர். கீழ் வயல் மண் மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் ஓடு. கொத்தினால் மண்வெட்டி துள்ளி முழங்காலுக்கு வரும். மூட்டை மூட்டையாக ரசாயன உரம் போட்டும் அது வாங்கித் தின்றுவிட்டுச் சும்மா படுத்துக் கிடந்தது. ரெண்டு வருஷத்துக்கு முன்பு மேஸ்திரி முதலாளியிடம் போய், "ஐயா, அந்த நாலு ஏக்கரை என்கிட்ட விடுங்க. மூட்டை உரம் இல்லாம நான் பாக்குறேன்" என்றாள். வீணாகக் கிடப்பதைக் கொடுப்பதற்கு என்ன வலிக்கிறது? முதலாளி கொடுத்தார்.

அதற்காகவே ஆறு பெண்கள் ஷெட்டுக்குப் பின்னால் குவியல் வேலைக்குப் போனார்கள். காய்கறிக் கழிவு, சருகு, வைக்கோல், மாட்டுச் சாணம் என்று அடுக்கி ஆள் உயரத்துக்குக் குவிப்பார்கள். நாலு நாளில் உள்ளே சூடு ஏறும். இரும்புக் கம்பியைச் செருகி எடுத்துத் தொட்டால் கை சுடும். சுட்டால் நல்லது. சூடு இறங்கியதும் குவியலைப் புரட்டிப் போடவேண்டும். முதுகு கழன்று விழுகிற வேலை அது. மக்கி, கறுத்து, மண்வாசனை அடிக்கிற பதத்துக்கு வந்ததும் கீழ் வயலில் பரப்பி, மேலே வைக்கோல் மூடாக்குப் போட்டு, பயறு விதைத்து, பூக்கிறபோது அதையும் மண்ணோடு மடக்கி உழுதுவிடுவார்கள்.

முதல் வருஷம் தக்காளி மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அந்த வருஷம் முழுக்க மேஸ்திரி முதலாளியின் முகத்தைப் பார்க்காமல் அவர் செருப்பைப் பார்த்தே பேசினாள். ரெண்டாம் வருஷம் மேல் வயலுக்குச் சமமாகக் காய்த்தது. ஆனால் முதலாளிக்குச் சமம் போதவில்லை.

"அடுத்த விதைப்புக்கு முன்னால கீழ் வயல் மண்ணு உசத்தின்னு யாராவது என் கண்ணுல காட்டணும். காட்டலேன்னா அதுவும் மூட்டை உரத்துக்கே திரும்பிடும். குவியல் வேலை கிடையாது. அந்த ஆறு பேரும் வேற இடம் பாத்துக்க வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டார். முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் சொன்னால் சொன்னதுதான்.

மண்ணை எப்படிக் கண்ணில் காட்டுவது? அதற்குத்தான் மண் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒரு அம்மாளை வரவழைத்தார்கள். பண்ணையில் அவளுக்கு மண் டாக்டர் என்று பெயர். வந்த அன்றே பையிலிருந்து ஆறு வெள்ளை ஜட்டிகளை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"யாருக்கும்மா இது?" என்றார் முதலாளி.

"மண்ணுக்கு" என்றாள் மண் டாக்டர். "சுத்தமான பருத்தி. மண்ணுல உயிர் இருந்தா, அதான் கண்ணுக்குத் தெரியாத பூச்சி, பூஞ்சை, புழு எல்லாம் இருந்தா, இதைத் தின்னுடும். இல்லேன்னா இது அப்படியே இருக்கும். கீழ் வயல்ல மூணு, மேல் வயல்ல மூணு, ஒரு சாண் ஆழத்துல புதைங்க. ரெண்டு மாசம் கழிச்சுத் தோண்டி எடை போடுவோம். எது குறைவா மிஞ்சியிருக்கோ, அந்த மண்ணுதான் நல்லாத் தின்னிருக்குன்னு அர்த்தம்."

"அதுக்கு எதுக்கும்மா ஜட்டி? ஒரு கைக்குட்டை பத்தாதா?"

"கைக்குட்டையை மறந்துடுவீங்க. இதை மறப்பீங்களா?"

மறக்கவில்லை. ரெண்டு மாசமாகப் பண்ணையில் வேறு பேச்சு இல்லை. கீழ் வயலில் மூன்றை மேஸ்திரி தன் கையால் புதைத்தாள். மேல் வயல் மூன்றையும் நாத்தனாரிடம் கொடுத்துப் புதைக்கச் சொன்னாள். நாத்தனார் என்றால் மேஸ்திரி புருஷனின் தங்கை. குவியல் வேலை பார்க்கும் ஆறு பேரில் ஒருத்தி. ஒரே கூடையை இருபது வருஷமாக இந்தக் காதும் அந்தக் காதுமாகப் பிடித்துத் தூக்கியவர்கள் இருவரும்.

தோண்டும் நாள் வந்தது. காலை எட்டு மணிக்கே முதலாளி வரப்பில் நின்றார். மண் டாக்டர் தொப்பியும் தராசுமாக வந்தாள். மண்வெட்டி பிடிக்க மோட்டார் வந்தான். மோட்டார் என்பது நாத்தனாரின் புருஷன். தண்ணீர் மோட்டார்களைப் பார்த்துக்கொள்பவன், பேச்சை முடுக்கிவிட்டால் அவனும் தானாக நிற்கமாட்டான்.

நாத்தனார் மட்டும் காலையிலிருந்து வியர்த்துக்கொண்டிருந்தாள்.

"உடம்பு சரியில்லையாடி?" என்றாள் மேஸ்திரி.

"இல்ல அண்ணி. வெயிலு."

"வெயில் எங்கடி இருக்கு, மேகம் கட்டிக் கிடக்கு."

அதற்குமேல் கேட்க மேஸ்திரிக்கு நேரமில்லை. மோட்டார் கீழ் வயலில், புதைத்த இடத்துக்கு அடையாளமாக நட்டிருந்த முதல் சிவப்புக் கொடியைப் பிடுங்கிவிட்டுத் தோண்டினான். மண்வெட்டி வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. கறுத்த மண் பொலபொலவென்று வந்தது. உள்ளே மூன்று மண்புழுக்கள் திடுக்கிட்டு நெளிந்தன. அவன் விரலை விட்டுத் துழாவி எதையோ இழுத்தான். வந்தது ஒரு இடுப்புப் பட்டை. அதன் கீழே ரெண்டு நூல் தொங்கியது. அவ்வளவுதான்.

"ஐயோ, யாரோ மானத்தோட போயிட்டாங்களே" என்றான் மோட்டார்.

இரண்டாவதிலும் பட்டை. மூன்றாவதிலும் பட்டை. பட்டையும் தையலும் பருத்தியில்லை, அதனால் மிஞ்சியது என்றாள் மண் டாக்டர். வாயைத் திறந்தால் சிரிப்பு வரும், சிரித்தால் அழுகையும் கூடவே வந்துவிடும் என்று மேஸ்திரி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மேல் வயலுக்குப் போனார்கள். முதல் குழியில் கட்டி கட்டியாக மண். மோட்டார் தோண்டி எடுத்தது ஒரு முழு ஜட்டி. சேறு அப்பியிருந்தது, ஆனால் இடுப்பு, கால், முன், பின் எல்லாம் இடத்தில் இருந்தன. இரண்டாவது குழியிலும் அப்படியே. மண் டாக்டர் அதை ரெண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தாள். கிழியவில்லை.

"ஒரு இழைகூடத் தின்னலையே" என்றாள். "எத்தனையோ வயல்ல தோண்டியிருக்கேன். இவ்வளவு செத்த மண்ணை நான் பாத்ததே இல்ல."

முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. அவர் அப்பா சேர்த்த நிலம் அது. "செத்ததுன்னா... மொத்தமாவா?" என்று கேட்டார்.

"இதைப் பாத்தா அப்படித்தான் தெரியுது."

முதலாளி மேஸ்திரி பக்கம் திரும்பினார். "மூணாவதைத் தோண்ட வேண்டாம். பாத்தது போதும். அடுத்த விதைப்புக்கு நாற்பது ஏக்கரும் உன் வழிதான். ஒரு மூட்டை உரம் உள்ள வராது. எல்லாத்துக்கும் நீயே பொறுப்பு."

நாலு ஏக்கரைக் காப்பாற்ற வந்தவளுக்கு நாற்பது கிடைத்துவிட்டது. எடை போடுவதற்கு முன் சேற்றைக் கழுவவேண்டும் என்று மண் டாக்டர் சொன்னதும், "குடுங்க, நானே கழுவுறேன்" என்று ரெண்டு ஜட்டிகளையும் வாங்கிக்கொண்டு மேஸ்திரி ஷெட்டுப் பக்கக் குழாயடிக்குப் போனாள். கொஞ்சம் தனியாக நின்று மூச்சுவிட்டால் தேவலை போலிருந்தது.

குழாயைத் திறந்தாள். சேறு கரைந்து ஓடியது. பின்பக்கத் தையலில் பச்சையாக ஏதோ தெரிந்தது. பாசியோ என்று நகத்தால் சுரண்டினாள். பாசி இல்லை, நூல். சாக்கு தைக்கிற பச்சை நூல். ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ஒரு ஓட்டை, அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுத்தையல்.

புது ஜட்டியில் ஒட்டுத்தையல் எப்படி வரும்? மண்ணுக்குள்ளே யார் உட்கார்ந்து தைத்தார்கள்? மண்புழுவா?

"அண்ணி, தேய்க்காதீங்க!"

நாத்தனார் ஓடிவந்தாள். ஓடிவந்தவள் மேஸ்திரி கையில் இருந்ததைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"இது யாரோடதுடி?"

"அவரோடது."

"டாக்டரம்மா குடுத்த புதுசு எங்க?"

"அதுவும் அவர்கிட்டதான். இப்போ அதைத்தான் போட்டுட்டு நிக்கிறாரு."

மேஸ்திரி குழாயை மூடினாள்.

"நான் என்ன பண்ணுவேன் அண்ணி?" என்று நாத்தனார் கிசுகிசுத்தாள். "பால் மாதிரி வெள்ளைத் துணி. கையில தொட்டாப் பூ மாதிரி. வீட்டுல இருக்குற மனுஷன் தையலைத்தான் போட்டுக்கிட்டு அலையுறாரு, துணின்னு பேருக்கு ஓரத்துல கொஞ்சம் இருக்கு. புதுத் துணியைக் கொண்டுபோய்க் குழியில போட எனக்குக் கை வரல. மண்ணுதானே, பசிச்ச வாய்க்குப் பழசென்ன புதுசென்னன்னு பழசைப் புதைச்சுட்டேன்."

"பழசு பருத்தியாடி?"

"ரோட்டோரத்துல குவிச்சு வச்சு விப்பாங்களே, அது. வழவழன்னு இருக்கும்."

"அது நைலான்டி. ஆயிரம் வருஷம் புதைச்சாலும் அப்படியேதான் இருக்கும். மண்ணு என்ன, எமனே வந்தாலும் தின்னமாட்டான்."

நாத்தனார் சுற்றும் முற்றும் பார்த்தாள். பிறகு குரலை இன்னும் தாழ்த்தினாள். "சரி, நடந்தது நடந்துபோச்சு. நமக்கு நல்லதாத்தானே நடந்திருக்கு? நாற்பது ஏக்கர் அண்ணி! அந்த ஒட்டுத்தையலை மட்டும் பிரிச்சுடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

நூலைப் பிரிக்க ஒரு நிமிஷம் போதும். மேஸ்திரி நகத்தைக்கூட நூலுக்கடியில் கொடுத்துவிட்டாள். அப்போதுதான் அந்த முதல் வருஷத் தக்காளி ஞாபகம் வந்தது. நாலு ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததற்கே ஒரு வருஷம் செருப்பைப் பார்த்துப் பேசினாள். நாற்பது ஏக்கரிலும் ஒரே வருஷம் அப்படிக் குறைந்தால்? செத்த மண் பிழைக்கும் என்று நம்பி விட்ட முதலாளி, பாதி வருஷத்திலேயே எல்லாரையும் கேட்டுக்கு வெளியே நிறுத்துவார். அப்புறம் யார் வந்து மண், உயிர், குவியல் என்று சொன்னாலும் இந்தப் பண்ணையில் காது கொடுக்கமாட்டார்கள். போதாக்குறைக்கு நாற்பது ஏக்கருக்குக் குவியல் போட ஆறு பேரால் ஆகிற காரியமா? முதுகெலும்பு என்ன வாடகைக்கா கிடைக்கிறது?

இன்னொன்றும் உறுத்தியது. கீழ் வயல் மூன்றையும் தின்றது. அது பொய்யில்லை. ரெண்டு வருஷம் ஆறு பேர் சாணத்திலும் சூட்டிலும் நின்ற உழைப்பு அது. அந்த உழைப்பு ஜெயித்ததாக இருக்கட்டும், மோட்டாரின் கிழிசல் ஜெயித்ததாக வேண்டாம்.

நகத்தை வெளியே எடுத்தாள். "வா" என்றாள்.

"அண்ணி, வேலை போயிடும்."

"போனா ரெண்டு பேரும் சேந்து போவோம். நட."

மேல் வயல் வரப்பில் முதலாளி மண் டாக்டரிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். குரல் இன்னும் தேறவில்லை. மேஸ்திரி நேராகப் போய்க் கழுவின ஜட்டியை அவர் முன்னால் விரித்துக் காட்டினாள்.

"ஐயா, இது தப்பான ஜட்டி. இதை வச்சு உங்க மண்ணு செத்துடுச்சுன்னு சொல்ல முடியாது. டாக்டரம்மா குடுத்தது வேற, புதைஞ்சது வேற. நம்ம ஆளுதான் மாத்திட்டா. மேற்பார்வை பாக்காம விட்டது என் தப்பு."

மண் டாக்டர் துணியை வாங்கிப் பார்த்தாள். பச்சைத் தையலைப் பார்த்தாள். தொப்பியைக் கழற்றினாள். "அப்போ என்னோடது எங்கே?"

நாத்தனாரின் பார்வை தன்னையறியாமல் மோட்டாரின் இடுப்புக்குப் போய்த் திரும்பியது. எல்லார் பார்வையும் அந்த வழியே போய் அங்கேயே நின்றது.

"என்னை ஏன் எல்லாரும் பாக்குறீங்க?" என்றான் மோட்டார். பிறகு மெதுவாக மண்வெட்டியை முன்பக்கம் மறைவாகப் பிடித்துக்கொண்டான். "ஏய்... கல்யாண நாளுக்கு வாங்கினேன்னு சொன்னியே!"

"கல்யாண நாளுக்குத்தான் குடுத்தேன். வாங்கினேன்னா சொன்னேன்?" என்றாள் நாத்தனார்.

"அக்கா, நீங்களே கேளுங்க! ரெண்டு மாசமா ஆராய்ச்சிப் பொருளைப் போட்டுட்டுத் திரியுறேன். எனக்கு ஒரு வார்த்தை சொல்லல" என்று மேஸ்திரியிடம் முறையிட்டான்.

மண் டாக்டர் சிரிக்கக் கூடாது என்று எவ்வளவோ முயன்றாள். முடியவில்லை. வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். "தம்பி, நீங்க பயப்படாதீங்க. அதைத் திருப்பிக் கேக்கமாட்டேன்."

முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. "அப்போ என் மண்ணு சாகலையா?" என்றார் மேஸ்திரியிடம்.

"அது தெரியாது ஐயா. இதை வச்சுத் தெரியாது. திரும்பப் புதைச்சு ரெண்டு மாசம் பொறுத்தாத்தான்..."

"ரெண்டு மாசத்துல விதைப்பே முடிஞ்சுடும்."

"மூணாவது குழி இருக்கே" என்றாள் நாத்தனார் சன்னமாக.

எல்லாரும் திரும்பினார்கள்.

"மூணாவது மட்டும் டாக்டரம்மா குடுத்ததுதான். நிஜமாவே அதைப் புதைச்சேன்."

"அதுக்கு மட்டும் எப்படிடி கை வந்துச்சு?" என்றாள் மேஸ்திரி.

"அது சின்ன சைஸு அண்ணி. இவருக்குத் தொடைக்கு மேல ஏறல."

"அடிப்பாவி, இதையும் ஊர் முன்னால சொல்லணுமா?" என்று மோட்டார் முனகிக்கொண்டே கொடியைப் பிடுங்கித் தோண்டத் தொடங்கினான். அந்தக் குழியை அவன் தோண்டிய வேகத்தை அதற்கு முன்பும் பின்பும் பண்ணையில் யாரும் பார்த்ததில்லை. எல்லார் கண்ணையும் குழிப் பக்கம் திருப்பினால் போதும் என்று இருந்தது அவனுக்கு.

துணி வந்தது. முழுசாக இல்லை. பட்டையோடு ஒரு பக்கம் அப்படியே இருந்தது, மறுபக்கம் சல்லடையாக ஓட்டை விழுந்திருந்தது. மேஸ்திரி அதைத் தண்ணீரில் பதமாக அலசிப் பிழிந்து கொண்டுவந்தாள். வெயில் இல்லாததால் உலர ஒரு மணி நேரம் ஆனது. ஷெட்டுக் கம்பியில் நாலு துணி தொங்கின. அந்த ஒரு மணி நேரமும் முதலாளி ஸ்டூலில் உட்கார்ந்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி இருந்தது அவர் முகம்.

மண் டாக்டர் தராசில் வைத்தாள். புதிதாக இருந்தபோது அந்தச் சின்ன சைஸ் ஐம்பத்தைந்து கிராம், மற்றவை ஒவ்வொன்றும் அறுபது. கீழ் வயலில் மிஞ்சியது எட்டு, ஒன்பது, பத்து. மேல் வயலின் மூன்றாவது குழியில் மிஞ்சியது முப்பத்தெட்டு.

"செத்த மண்ணு இல்ல" என்றாள் மண் டாக்டர். "பசி மந்தமான மண்ணு. கீழ் வயல் இதைவிட ரெண்டு மடங்குக்கு மேல தின்னிருக்கு. ஆனா மேல் வயல்ல ஒரே குழிதான் கணக்குல சேரும். அதனால இது கடைசி முடிவுன்னு நான் எழுதமாட்டேன். அடுத்த தடவை நானே வந்து புதைப்பேன்."

முதலாளி நீளமாக மூச்சுவிட்டார். காலையிலிருந்து அடைத்து வைத்திருந்த மூச்சு போலும். அவருக்குத் தோற்றுப்போன வருத்தத்தைவிட, அப்பாவின் நிலம் உயிரோடு இருக்கிற சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது.

"முப்பத்தெட்டு" என்று தனக்குள் சொல்லிப் பார்த்தார். "பரவாயில்லையே, என் மண்ணும் கொஞ்சம் தின்னிருக்கே." பிறகு மேஸ்திரியைப் பார்த்தார். "சும்மா இருந்திருந்தா நாற்பதும் உன்கிட்ட வந்திருக்கும். ஏன் சொன்ன?"

"நாற்பதையும் ஒரே வருஷத்துல மாத்தினா முதல் விளைச்சல் விழும் ஐயா. அப்ப நீங்க என்னைத் திட்டத் தேடுவீங்க. அதுக்கு இப்பவே திட்டு வாங்கிக்கிறது மேல்."

முதலாளி அப்போதுதான் சிரித்தார். "சரி, நீயே சொல்லு. எவ்வளவுதான் வேணும்?"

இவ்வளவு நேரமும் துணியைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்த மேஸ்திரி இதற்குப் பதில் தயாராக வைத்திருக்கவில்லை. வயலைப் பார்த்தாள். ஷெட்டுக்குப் பின்னால் புகைந்துகொண்டிருந்த குவியல்களை எண்ணினாள்.

"கீழ் வயல் நாலும் அப்படியே என்கிட்ட இருக்கட்டும். மேல் வயல்ல, அதை ஒட்டி இருக்கிற ஆறு ஏக்கர். வருஷத்துக்கு ஆறாக் கூட்டிக்கிட்டுப் போவோம். முதல் விளைச்சல் குறையும், இப்பவே சொல்லிட்டேன்."

"எவ்வளவு குறையும்?"

"மூணுல ஒண்ணு. மூடாக்கு முன்னாலயே போட்டா நாலுல ஒண்ணோட நிக்கும்."

"சரி. எடுத்துக்க."

"ஆள் பத்தாது ஐயா. ஆறு பேரால பத்து ஏக்கருக்குப் புரட்ட முடியாது. இன்னும் நாலு பேர் வேணும்."

"பாத்தியா, இடம் குடுத்தா மடத்தைப் புடுங்குற. ரெண்டு பேர்."

"மூணு. அந்த மூணுல ஒரு ஆம்பளை. சாணம் அள்ள எங்களை மட்டும் விட்டுட்டு ஆம்பளைங்க எல்லாம் மோட்டாரைத் தடவிக்கிட்டு நிக்கிறாங்க."

"நான் எங்கக்கா தடவுறேன்?" என்றான் மோட்டார்.

"அந்த ஒரு ஆம்பளையா உன்னைத்தான் கேக்குறேன் தம்பி. ரெண்டு மாசம் ஆராய்ச்சிக்கு உழைச்ச அனுபவம் உனக்கு இருக்கு."

நாத்தனார் முதல்முறையாக அன்று வாய்விட்டுச் சிரித்தாள். முதலாளி கையை விரித்தார். "மூணு. அவ்வளவுதான். இதுக்கு மேல கேட்டா அந்த மேல் வயல் ஆறையும் திரும்ப வாங்கிக்குவேன்."

"போதும் ஐயா" என்றாள் மேஸ்திரி. மண் டாக்டரிடம், "டாக்டரம்மா, அந்த ஆறு ஏக்கர்ல எங்கெங்க புதைக்கணும்னு குறி போட்டுக் குடுங்க. இந்தத் தடவை கைக்குட்டையே கொண்டுவாங்க, எங்க வீட்டு ஆம்பளைங்க கண்ணுல படாது" என்றாள்.

பிறகு நாத்தனார் பக்கம் திரும்பினாள். "நீ ஏன்டி நிக்கிற? ரெண்டாவது குவியல் சூடு இறங்கி நேத்தே புரட்டியிருக்கணும். கூடையை எடு. தம்பி, நீயும் வா."

"இப்பவேவா அக்கா?"

"அப்புறம்? நல்ல நேரம் பாக்கணுமா?"

மூன்று பேரும் ஷெட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார்கள். மேஸ்திரி கம்பியைக் குவியலில் செருகி எடுத்துத் தொட்டுப் பார்த்தாள். பாதி வெதுவெதுப்புத்தான் இருந்தது. உள்ளங்கையில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொண்டு மண்வெட்டியை எடுத்தாள்.